பீரார் கரையேறிய தீவு

என் மகன் மாலத்தீவில் கணக்கு வாத்தியாராக வேலை பார்ப்பது உங்களில் பலருக்குத் தெரியும். நாலு வருஷமாக "ஒருமுறை வந்துட்டுப் போங்கப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். முழங்கால் வலியைச் சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்து வந்தேன். போன பிப்ரவரியில்தான் கிளம்பினேன். பெட்டியில் மாத்திரை, ஊறுகாய் இவற்றோடு ஒரு பழைய பிரெஞ்சுப் புத்தகத்தின் நகலும் இருந்தது.

அவன் இருப்பது கொயிதூ. தலைநகர் மாலேயிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். விளம்பரங்களில் வரும் தண்ணீர்மேல் மரவீடுகள் எல்லாம் இங்கே இல்லை. பப்பாளி, தர்ப்பூசணி பயிரிடுகிறார்கள். தெரு ஓரத்தில் இரும்புச் சட்டத்தில் கயிறு பின்னிய இருக்கைகள் வரிசையாகக் கிடக்கின்றன. சாயங்காலம் ஊரே அதில் சாய்ந்து பேசுகிறது. அதற்குப் பெயர் 'ஜோலி'. பிரெஞ்சில் 'ழொலி' என்றால் அழகு. எனக்குச் சிரிப்பு வந்தது.

கொயிதூ, ஃபெஹெந்தூ, ஃபுளதூ என்று மக்கள் வாழும் தீவுகள் மூன்று. கடலுக்குள் ஒரு வளையம் போலப் பவளப் பாறை. அதன்மேல் அங்கங்கே மணல் சேர்ந்து உண்டான தீவுகள். நடுவே அமைதியான காயல். இதைத்தான் அவர்கள் மொழியில் 'அதொளு' என்கிறார்கள். உலகமே இன்று 'அட்டால்' என்று சொல்லும் வார்த்தை இதிலிருந்து வந்ததுதான். அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர் ஒரு பிரெஞ்சுக்காரர். நான் பெட்டியில் வைத்திருந்தது அவருடைய புத்தகம்தான்.

பெயர் பிரான்சுவா பீரார், லவால் ஊர்க்காரர். 1601 மே மாதம் சேன் மாலோ துறைமுகத்திலிருந்து குருவாசான், கொர்பேன் என்ற இரண்டு கப்பல்கள் மிளகு வாங்கக் கிளம்பின. பீரார் இருந்தது கொர்பேனில். 1602 ஜூலை 2 இரவு, காவலிருந்தவர்கள் அசந்துபோன நேரத்தில், இந்த வளையத்தின் பாறையில் கப்பல் மோதியது. ஏறக்குறைய நாற்பது பேர் உயிரோடு கரையேறினார்கள். அவர்கள் ஏறிய தீவு ஃபுளதூ.

உடைந்த கப்பலின் பொருள்கள் எல்லாம் ராஜாவுக்குச் சொந்தம் என்பது அந்நாட்டுச் சட்டம். கப்பலிலிருந்து கொண்டுவந்த வெள்ளிப் பணத்தை மாலுமிகள் மணலில் புதைத்து வைத்தார்கள். பிறகு பசி தாங்காமல் அதையே தோண்டி எடுத்துச் சாப்பாடு வாங்க வேண்டிவந்தது. காய்ச்சலில் பலர் செத்தார்கள். சிலர் ஒரு படகைப் பிடித்து ஓடிப்போனார்கள்.

பீரார் வேறு காரியம் செய்தார். அங்குள்ளவர்களின் மொழியைக் கற்க உட்கார்ந்தார். பக்கத்துத் தீவின் தலைவருக்கு அது பிடித்துப்போனது. வீட்டில் வைத்துச் சோறு போட்டார். பிறகு மாலேயில் ராஜா முன்னால் நின்றபோதும் அந்த மொழிதான் கை கொடுத்தது. அங்கே ஐந்து வருஷம் இருந்தார். மீன் பிடிப்பது, தென்னையை வைத்துப் பிழைப்பது, கப்பல் கப்பலாக வங்காளத்துக்குச் சோழி ஏற்றுவது என்று எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டார். அன்று வங்காளத்தில் சோழிதான் சில்லறைக் காசு. 1607 பிப்ரவரியில் வங்காளத்துப் படை மாலேயைத் தாக்கி, ராஜா கொல்லப்பட்டபோது இவருக்கு விடுதலை. கள்ளிக்கோட்டை, கொச்சிச் சிறை, கோவா என்று அலைந்து 1611-இல் ஊர் போய்ச் சேர்ந்து புத்தகம் போட்டார்.

இனி என் கதை. 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது நான் பதினோரு வயசுப் பையன், பிரெஞ்சு வழிப் பள்ளியில். "பிரவே முடி, உத்தியோகம் வீடு தேடி வரும்" என்பார் அப்பா. முடித்தேன். உத்தியோகம் வந்தது, கோப்பெல்லாம் ஆங்கிலம்! என் வரைவைச் சிவப்பு மையால் அடித்து, எல்லார் எதிரிலும் மேசையில் எறிந்த மேலதிகாரி ஒருவர் உண்டு. இரவு அகராதி வைத்து ஆங்கிலம் படித்தேன். அப்பா மேல் இருந்த வருத்தத்தை அவர் போகும்வரை நான் சொல்லவில்லை, விடவும் இல்லை. என் பிள்ளைகளுக்கு ஒரு பிரெஞ்சு வார்த்தைகூடச் சொல்லித் தரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மகனும் நானும் படகில் ஃபுளதூ போனோம். சில நூறு பேர் வாழும் ஊர். நீண்ட வெள்ளை மணல். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கண்ணாடி மாட்டி முகத்தை முக்கினால் பவளமும் கிளிமீனும். அந்தக் கிளிமீன்கள் பவளத்தைக் கொறித்துக் கழிப்பதுதான் இந்த மணலில் பெரும்பங்கு என்று மகன் சொன்னான். வெளுத்துச் செத்த பவளமும் நிறைய. 1998-லும் 2016-லும் கடல் சூடேறியதில் மாலத்தீவுப் பவளங்கள் பெருமளவு செத்தன. தூரத்தில் அலை உடையும் வெள்ளைக் கோடு தெரிந்தது. கொர்பேன் சிக்கியது அப்படி ஒரு கோட்டில்தான்.

மதியம் ஒரு பெரியவர் வீட்டில் ரொஷியும் மாஸ் ஹுனியும் கொடுத்தார்கள். நம்ம மாசிக் கருவாட்டின் 'மாசி'தான் அவர்கள் 'மாஸ்'. என் கையிலிருந்த தாள்களைப் பார்த்து, எங்கள் ஊரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் பிரெஞ்சில் படித்துத் தமிழில் சொல்ல, மகன் தனக்குத் தெரிந்த திவேஹி மொழியில் சொன்னான்.

தீவின் பெயரை 'புலாது' என்று படித்தேன். பெரியவர் "ஃபுளதூ" என்று திருத்தினார். அவர் திருத்தியதும் சரி, பீரார் எழுதியதும் சரி. அந்தக் காலத்தில் அவர்கள் 'ப' என்று சொன்னதுதான் பிறகு 'ஃப' ஆயிற்று. பழைய ஒலிக்கு இந்தப் புத்தகமே சாட்சி. பீரார் சேர்த்துவைத்த சொற்பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். சிலதுக்கு முழித்தார், பலதுக்குத் தலையாட்டினார். மீன், தண்ணீர் என்று வந்தபோது பேரனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் சொன்னார். நானூறு வருஷத்துக்கு முந்தைய அவர்கள் பேச்சு, என் பள்ளிக்கூட உச்சரிப்பில் அவர்களுக்கே திரும்பிப் போனது.

திரும்பும் படகில் மகன், "எனக்கும் இத சொல்லிக் கொடுத்திருக்கலாமேப்பா" என்றான். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ஞாபகம் வந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் தொலைபேசியில் அரைமணி நேரம் பாடம். அவனுக்கு நாற்பத்தொரு வயசு; 'ர' உச்சரிப்பு வரவே மாட்டேன் என்கிறது. பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறோம். கப்பல் இன்னும் பாறையில் மோதவில்லை.