அளவையும் அறிவிப்பும்: தென் திருவிதாங்கூரில் வானிலை நோக்கின் வரலாறு (1837–2019)

முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்த ஊர் கருங்கல். வடகிழக்கே மேற்குத் தொடர்ச்சி மலை. தென்மேற்கே சிறிது தொலைவில் அரபிக்கடல். நாஞ்சில் நாடு என்னும் பெயர் வரலாற்று வழக்கில் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களையே குறிக்கும். கருங்கல்லை உள்ளடக்கிய பழைய விளவங்கோடு வட்டம் அதற்கு வெளியே நிற்பது. எனினும் இன்று மாவட்டம் முழுமைக்கும் அப்பெயர் பரவலாக ஆளப்படுகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் இந்நிலப்பகுதி 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணையும்வரை திருவனந்தபுரத்திலிருந்து ஆளப்பட்டது. ஆதலின் இப்பகுதியின் வானிலையை அளந்த வரலாற்றைச் சென்னையிலிருந்து அல்லாமல் திருவனந்தபுரத்திலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது. அளக்கப்பட்டது எது, அளந்த செய்தி யாரைச் சென்றடைந்தது என்னும் இரு வினாக்களை முன்வைத்து அவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திருவனந்தபுரம் வானாய்வுக்கூடம்

தென்னிந்தியாவில் கருவிகொண்டு வானிலையைத் தொடர்ச்சியாகப் பதிவுசெய்யும் முறை சென்னையில் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நிறுவிய சென்னை வானாய்வுக்கூடத்தில் 1796 முதல் வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டன. திருவிதாங்கூரில் அதற்கு வழிவகுத்தவர் மன்னர் சுவாதித் திருநாள். ஆலப்புழையில் அரசின் வணிக முகவராக இருந்த ஜான் கால்டிகாட்டின் வானியல் ஈடுபாட்டைக் கண்டு, அவரையே இயக்குநராக அமர்த்தி 1837இல் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடத்தை நிறுவினார். மக்கள் வாய்மொழியில் அது 'நட்சத்திர பங்களா' ஆயிற்று. அப்பெயர் ஒரு வகையில் திசைதிருப்புவது. விண்மீன்களைவிட மண்ணும் காற்றும் காந்தப்புலமுமே அங்கு மிகுதியாக அளக்கப்பட்டன. 1842 முதல் 1845 வரை கால்டிகாட், நிலத்தின் வெவ்வேறு ஆழங்களில் வெப்பமானிகளைப் பதித்து மண்ணின் வெப்பநிலையைக் குறித்துவந்தார். அவ்வளவீடுகள் எடின்பரோ அரச கழகத்தின் வெளியீட்டில் இடம்பெற்றன.

திருவனந்தபுரத்தைத் தேர்ந்ததற்கு அறிவியல் காரணமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இப்பகுதிக்கு அருகில் செல்கிறது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ஆய்வு ஏவூர்தி தும்பையிலிருந்து ஏவப்பட்டதற்கும் இதே காந்தக்கோடுதான் காரணம்.

அகத்தியமலை உச்சியில்

கால்டிகாட் 1849இல் மறைந்தார். 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரவுன் இசுக்காத்துலாந்தின் மேக்கர்சுடன் காந்த ஆய்வுக்கூடத்தில் பயிற்சி பெற்றவர். கடல்மட்டத்தை ஒட்டிய இடத்தில் கிடைக்கும் அளவுகளை உயர்ந்த மலைமுடியில் அதே நேரத்தில் கிடைக்கும் அளவுகளோடு ஒப்பிட விரும்பிய அவர், ஏறத்தாழ 6,200 அடி உயரமுள்ள அகத்தியமலையின் உச்சியில் 1855இல் ஓர் ஆய்வுக்கூடத்தை எழுப்பினார். தமிழ் மரபில் அகத்தியரின் இருப்பிடமாகவும் பொருநையின் பிறப்பிடமாகவும் போற்றப்படும் மலை அது. யானை வழித்தடங்களையும் அடர்காட்டையும் கடந்து கட்டுமானப் பொருள்களையும் நுண்கருவிகளையும் ஆட்களே சுமந்து ஏற வேண்டியிருந்தது. சமவெளியிலிருந்து சென்றோருக்கு உச்சியின் குளிரும் ஈரமும் பெருந்துன்பமாயின. அங்கு இரவும் பகலும் கருவிகளைப் பார்த்து எண்களைக் குறித்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர் உதவியாளர்கள். ஆய்வுத் தலைப்புகளில் நிலைபெற்றவை இயக்குநர்களின் பெயர்கள் மட்டுமே.

விளைவுகள் சிறியன அல்ல. பூமியின் காந்தப்புலம் ஒவ்வொரு நாளும் அடையும் ஏற்ற இறக்கத்தில் ஒரு பகுதி, உலகின் தொலைதூர இடங்களிலும் ஒருசேர நிகழ்கிறது என்பதைப் புரவுன் எடுத்துக்காட்டினார். காந்தக் குழப்பங்கள் ஏறத்தாழ 26 நாள் இடைவெளியில் மீள்வதைக் கண்டு அதனைச் சூரியனின் சுழற்சியோடு தொடர்புபடுத்தினார். 1865இல் அவர் ஊர் திரும்பினார்; திருவனந்தபுரம், அகத்தியமலை அளவீடுகளின் தொகுதி 1874இல் இலண்டனில் அச்சேறியது.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். திருவிதாங்கூர்க் கருவூலத்தின் செலவில் எடுக்கப்பட்ட இவ்வளவீடுகள் உலகக் காந்தவியலுக்குப் பயன்பட்டன. மலையடிவாரத்து உழவரும் கடலோரத்து மீனவரும் அவற்றின் வாசகர்களாக எண்ணப்படவே இல்லை. இதைப் புரவுனின் குறையாகக் கொள்வது பொருந்தாது. முன்னறிவிப்பு என்னும் கருத்தே அன்று முளைவிடும் நிலையில்தான் இருந்தது. 1864இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலும், 1866, 1871 ஆண்டுகளின் பருவமழைப் பொய்ப்பும் நேர்ந்த பின்னரே 1875இல் இந்திய வானிலைத் துறை தோன்றியது.

அணையின் அளவுகோல்

மக்களை நேரடியாகத் தொட்ட முதல் அளவை நீர்ப்பாசனத்தின் வழியே வந்தது எனலாம். மூலம் திருநாள் ஆட்சியில், பொறியாளர் மிஞ்சினின் மேற்பார்வையில், கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1897 முதல் 1906 வரை கட்டப்பட்டது. பிற்காலத்தில் பெருஞ்சாணி அணையும் சேர்ந்தது. பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி என்னும் முழு அளவுகள் மாவட்டத்து உழவர் பலருக்கு மனப்பாடம். மழைக்காலத்தில் நாளிதழ்கள் அணையின் நீர்மட்டத்தையும் ஊர்தோறும் பெய்த மழையின் அளவையும் மில்லிமீட்டரில் தவறாது வெளியிடுகின்றன. இந்த எண்ணைப் படிப்பவர் அதைக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பதையும் அறிவார்: நாற்றுப்பாவும் காலம் முடிவாகிறது, உபரிநீர் திறக்கும் நாளில் குழித்துறை ஆற்றங்கரையோர் பொருள்களை மேட்டில் ஏற்றுகின்றனர். 2021 நவம்பர்ப் பெருமழையிலும் அணைகளின் நீர்மட்டமே முதன்மைச் செய்தியாக இருந்தது.

கடலோரத்தின் நிலை வேறு. வாடை, கச்சான், கொண்டல் எனக் காற்றையும், நீவாடு என நீரோட்டத்தையும் பகுத்தறிந்த மீனவர், மலைமுடிகளையும் கோயில் கோபுரங்களையும் குறியாகக் கொண்டு கடலில் தம் இடத்தைக் கணித்தனர். கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இவ்வறிவு போதுமானது. துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டும் அவ்வாறே கரையில் நிற்பவருக்கு உரியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை முதலிய ஊர்களின் விசைப்படகுகளோ பல நாள் தங்கல் மீன்பிடிப்புக்காகக் கேரளத் துறைமுகங்களிலிருந்து புறப்பட்டு ஆழ்கடலின் தொலைவிடங்களுக்குச் செல்பவை.

ஒக்கி, 2017

2017 நவம்பர் 29 முற்பகலில் இலங்கையின் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. மறுநாள் காலை 8.30 மணிக்குக் குமரிக்கடலில் அது புயலாயிற்று. ஒரே நாளுக்குள் நிகழ்ந்த இவ்வளர்ச்சி வழக்கத்துக்கு மாறானது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் புயல்கள் உருவாவதும் அரிது. வங்கதேசம் அளித்த 'ஒக்கி' என்னும் பெயருக்குக் கண் என்று பொருள். டிசம்பர் 1 அன்று மிகத் தீவிரப் புயலாக வலுத்து, வடக்கே நகர்ந்து, குசராத்துக்கு அருகில் வலுவிழந்தது.

மீனவர் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்னும் அறிவுரை 29ஆம் நாளே வெளியானது. புயல் என்னும் சொல் 30ஆம் நாள் அறிவிப்பில்தான் வந்தது. அறிவிப்பு காலந்தாழ்ந்ததா, உரிய முறையில் கொண்டுசெல்லப்படவில்லையா என்ற வழக்காடல் பின்னர் நெடிது நடந்தது. அவ்வழக்காடலில் மறைந்துபோன செய்தி ஒன்று உண்டு: 'செல்ல வேண்டாம்' என்னும் தொடர் கரையில் இருப்பவரை நோக்கியது. நாள்கள் பலவற்றுக்கு முன்பே புறப்பட்டு, கைப்பேசி அலைவரிசைக்கு அப்பால் வலைவிரித்திருந்தவரை நோக்கிய சொல் எதுவும் அவ்வறிக்கையில் இல்லை; இருந்தாலும் கொண்டுசேர்க்கும் கருவி இல்லை. துணைக்கோள் படங்களில் புயல் நகர்வது மணிக்கணக்கில் தெரிந்துகொண்டிருந்தது.

டிசம்பர் 7 அன்று கடலோர ஊர்களின் மக்கள் ஆயிரக்கணக்கில் நடந்துசென்று குழித்துறை இரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தனர். காணாமற்போனோரைத் தேடும் பணியை விரைவுபடுத்துவது அவர்களது கோரிக்கைகளுள் முதன்மையானது. 1956இன் எல்லைக்கோடும் அப்போது தன் வலிமையைக் காட்டியது. படகு பதிவாகிய மாநிலம் ஒன்று, புறப்பட்ட துறைமுகம் வேறொன்று, மீனவரின் ஊர் மற்றொன்று என அமைந்தபோது, காணாமற்போனோர் பட்டியலைத் தொகுப்பதே பெரும்பணியாயிற்று. ஊர்தோறும் ஆலயங்கள் வழியே திரட்டப்பட்ட பெயர்களை அரசின் எண்ணிக்கையோடு பொருத்திப் பார்க்க வேண்டியிருந்தது. அகத்தியமலையில் காந்த ஊசியின் அசைவை மணிதோறும் பதிந்த நிலத்தில், கடலில் இருந்தோர் எத்தனை பேர் என்பதற்குப் பதிவேடு இல்லை.

பின்னர்

2018இல் திருவனந்தபுரத்தில் புயல் எச்சரிக்கை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பெல்லை கேரளமும் கருநாடகமும். கன்னியாகுமரி தொடர்ந்து சென்னையின் பொறுப்பில் உள்ளது. 2019 அக்டோபரில் ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமும் இந்திய விமான நிலைய ஆணையமும் இணைந்து 'ஜெமினி' என்னும் கருவியை அறிமுகப்படுத்தின. கரையிலிருந்து அனுப்பும் எச்சரிக்கையைத் துணைக்கோள் வழியே பெற்றுப் படகிலுள்ள கைப்பேசிக்கு அது தருகிறது. செய்தி ஒரு திசையில் மட்டுமே செல்லும். படகிலிருந்து கரைக்கு மறுமொழி அனுப்ப அக்கருவியில் வழியில்லை.