விலேன், வைஃபை: ஓர் அறிமுகம்

ஒரு கட்டடத்திலுள்ள கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பதே லேன். அதில் இரு வகைகளைப் பார்ப்போம்.

விர்ச்சுவல் லேன் (விலேன்): ஒரு பள்ளியில் அலுவலகக் கணினிகளும் மாணவர் கணினிகளும் ஒரே சுவிட்சில் இணைந்திருந்தாலும், அவற்றைத் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிக்கலாம். புதிய கேபிள் வேண்டாம். விலேன் வசதியுள்ள சுவிட்சில் செட்டிங்கை மாற்றினால் போதும். 1998இல் வந்த 802.1க்யூ தரம் ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எண் தருகிறது. 4094 பிரிவுகள் வரை அமைக்கலாம்.

வயர்லெஸ் லேன்: 1997இல் வந்த 802.11 தரமே வைஃபையின் தொடக்கம். அன்று அதன் வேகம் நொடிக்கு 2 மெகாபிட் மட்டுமே. ரேடியோ அலை சுவரோடு நிற்காது. தெருவில் இருப்பவருக்கும் எட்டும். எனவே குறியாக்கம் கட்டாயம். பழைய டபிள்யூஇபி முறையின் பலவீனம் 2001லேயே வெளிப்பட்டுவிட்டது. டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 முறையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே நல்லது. விருந்தினருக்கான வைஃபையைத் தனி விலேனில் வைத்து, அங்கிருந்து அலுவலகப் பிரிவுக்குச் செல்லும் வழியை ரவுட்டரில் அடைத்துவிட வேண்டும். பிறகு பாஸ்வேர்டைப் பலருக்குக் கொடுத்தாலும் கணக்குக் கணினியை அவர்களால் எட்ட முடியாது. பிறர் நம்மை நம்பித் தந்த விவரங்களைக் காப்பது நம் பொறுப்பல்லவா?