கிழிந்த ஏடும் புதைந்த என்பும்

இளைஞருக்கென எழுதப்படும் துப்பறியும் நாவல்களை வரலாற்று மாணவர் பொருட்படுத்துவது அரிது. ஆயினும், அமெரிக்க எழுத்தாளராகிய ஜெனிபர் லேதம் 2017இல் வெளியிட்ட ‘டிறீம்லாண்ட் பேர்ணிங்’ என்னும் நாவல் அவ்வாறு ஒதுக்கத்தக்கதன்று. கதை நிகழுமிடம் ஒக்லகோமா மாநிலத்து ரல்சா நகரம். காலமோ இரண்டு. இக்காலத்தில், றோவன் என்னும் பதினேழு வயதுப் பெண்ணின் வீட்டுப் பின்கட்டிலே நிலத்தளத்தின் கீழிருந்து ஓர் எலும்புக்கூடு வெளிப்படுகின்றது. 1921இல், அதே வயதினனான வில் என்பான் அந்நகரில் தன் தந்தையின் கிராமபோன் கடையில் வேலை செய்கின்றான். இருவர் கதையும் மாறி மாறி வருகின்றன. இறந்தவர் யார் என்னும் வினாவோடு புறப்படும் வாசகன், ஒரு நகரப் பகுதியே எரிந்தழிந்த இரவை வந்தடைகின்றான்.

அவ்வழிவு கற்பனையன்று. 1921 மே 30ஆம் நாள், சப்பாத்துத் துடைக்கும் தொழில் செய்த டிக் றோலண்ட் என்னும் கறுப்பின இளைஞன், மின்தூக்கி இயக்கிய சேரா பேஜ் என்னும் வெள்ளையினப் பெண்ணைத் தாக்கினான் என்று குற்றஞ்சாட்டப்பட்டான். மறுநாள் அவன் சிறைப்பட்டதும் நீதிமன்றத்தின் முன் வெள்ளையர் திரண்டனர். அவனைக் கொன்றுவிடுவர் என அஞ்சிய கறுப்பினத்தார் ஆயுதந் தாங்கிக் காவலுக்கு வந்தனர். எங்கோ ஒரு துப்பாக்கி வெடித்தது. யூன் 1ஆம் நாள் விடிந்ததும் பெருங்கூட்டம் கிறீன்வுட் என்னும் கறுப்பினத்தார் பகுதியுட் புகுந்தது. முப்பத்தைந்து தெருக்கட்டுகள் சாம்பலாயின. கடைகளும் தேவாலயங்களும் மருத்துவமனையும் எரிந்தன. நாவலுக்குப் பெயர் தந்த டிறீம்லாண்ட் படமாளிகையும் எரிந்தது. ஏறத்தாழ 10,000 பேர் வீடிழந்தனர். றோலண்டின் மீதான வழக்கோ பின்னர்க் கைவிடப்பட்டது. கொலைக்கும் தீவைப்புக்குமாக வெள்ளையர் எவரும் தண்டிக்கப்பட்டாரல்லர்.

இதன்பின் நிகழ்ந்ததே வரலாற்று மாணவன் ஊன்றி நோக்கற்பாலது. ‘ரல்சா திரிபியூன்’ என்னும் மாலைப் பத்திரிகை மே 31ஆம் நாள் வெளியிட்ட செய்தி கலகத்துக்குத் தூண்டுகோலாயிற்று என்பர். பிற்காலத்தில் அவ்விதழை நுண்படச் சுருளிற் பதிவதற்கு முன்னரே, முதற்பக்கத்துச் செய்தியையும் ஆசிரியர் பக்கத்தின் ஒரு பகுதியையும் யாரோ கிழித்தெடுத்துவிட்டனர். செய்தியின் படி வேறிடத்துக் கிடைத்தது; ஆசிரியர் பக்கத்துப் பகுதி கிடைத்திலது. பாடநூல்களும் வாய்திறக்கவில்லை. அந்நகரிற் பிறந்து வளர்ந்தோரிற் பலர் இதனைக் கேள்வியுறாமலே முதுமையடைந்தனர். ஒக்லகோமா சட்டமன்றம் 1997இல் நியமித்த ஆணைக்குழு 2001இல் அறிக்கை சமர்ப்பித்த பின்னரே பொதுப் பேச்சு எழுந்தது. இறந்தோர் 36 பேர் என்பது அக்காலத்து உத்தியோக கணக்கு. முந்நூறு பேர் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

ஏடு கிழிக்கப்பட்டவிடத்து எலும்பே சான்றாகின்றது. எனவே லேதம் கையாண்ட இரு கால அமைப்பு வெறும் உத்தியன்று. றோவன் சான்றிலிருந்து பின்னோக்கிச் செல்கின்றாள். வில் நிகழ்ச்சியை முன்னோக்கிக் கூறுகின்றான். வரலாற்றாசிரியனுக்கு வாய்த்தது முதல் வழியொன்றே. இரண்டாவது நாவலாசிரியரின் சலுகை.

அச்சலுகையை அவர் பயன்படுத்திய முறையிற் குறையுமுண்டு. வில் தந்தைவழி வெள்ளையன், தாய்வழி ஒசேஜ் பழங்குடியினன். அவனுடைய பொறாமை ஒரு கறுப்பினத்தவனின் சாவுக்குக் காரணமாகின்றது. அக்குற்றவுணர்வு அவனை மாற்றும் விதம் நன்கு சித்திரிக்கப்பட்டுள்ளது. எனினும், வீடிழந்தவர் வாயாலன்றி அருகில் நின்றவன் வாயாலேயே பெருந்தீயின் கதை சொல்லப்படுகின்றது. சிறு மகளுடன் தப்பியோடிய ஆசிரியை மேரி பரிஷ், சில ஆண்டுகளுக்குள்ளேயே தம் அநுபவத்தையும் பிறர் சாட்சியங்களையும் நூலாக்கியிருந்தார். வழக்கறிஞர் பி. சி. பிராங்கிளின் தாம் கண்டதை 1931இல் எழுதிவைத்தார்; அக்கையெழுத்துப் படி 2015இலேயே வெளிப்பட்டது. கிறீன்வுட் ஊமையாய் இருக்கவில்லை, கேட்பாரே இலர்.

நாவல் வெளிவந்து மூன்றாண்டுகள் கழித்து, 2020இல், நகரத்தின் ஓக்லோன் மயானத்தில் அகழ்வு தொடங்கிற்று. அடையாளமற்ற சவப்பெட்டிகள் வெளிப்பட்டன. றோவனுக்குச் சில வாரங்களிற் கிடைத்த விடை அகழ்வாளருக்கு எளிதிற் கிட்டவில்லை. 2024 யூலையில் மரபணு ஆய்வினால் முதன்முதலாக ஒருவர் பெயர் உறுதியாயிற்று. அவர் சி. எல். டானியல், முதலாம் உலகப் போர்க்காலத்துப் படைவீரர். அவருடைய தாய் உதவிப்பணம் வேண்டியதன் தொடர்பில் 1936இல் ஒரு வழக்கறிஞர் அரசாங்கத்துக்கு எழுதிய கடிதம் தேசிய சுவடிக்கூடத்தில் இருந்தது. மகன் ரல்சாக் கலகத்திற் கொல்லப்பட்டான் என்று அதிலே எழுதியிருந்தது.