மொங்கோலியர் வீட்டிலும் அடுப்பு எரிந்தது



எங்கள் வகுப்பறைகளுக்குள் மொங்கோலியர் ஒரே ஒரு தடவைதான் வருகிறார்கள். 1258 ஆம் ஆண்டு ஹுலாகுவின் படை பக்தாதுக்குள் நுழைகிறது. அப்பாஸிய கலீபா கொல்லப்படுகிறார். நூலகங்கள் அழிகின்றன. அத்தோடு பாடம் முடிகிறது.

போன தவணை இந்தப் பாடம் நடந்தபோது ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், அந்த ஆக்கள் வீட்டில என்ன சாப்பிடுவாங்க?" வகுப்பே சிரித்தது. ஆனால் எங்களிடம் பதில் இருக்கவில்லை. அதன் பிறகு தேடி வாசித்ததைத்தான் இங்கே பகிர்கிறோம்.

கோடையில் பால், குளிர்காலத்தில் இறைச்சி. சுருக்கமான பதில் இதுதான். குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு என்ற ஐந்து வகைக் கால்நடைகள்தான் அவர்களின் சொத்து. பால் தயிராகும், வெண்ணெயாகும். தயிரைப் பிழிந்து வெயிலில் காயவைத்துக் கல் போலாக்கிக் குளிர்காலத்துக்குச் சேமிப்பார்கள். தேநீருக்குச் சீனி இல்லை, பாலும் உப்பும்தான். மரம் குறைந்த நாடு என்பதால் காய்ந்த சாணமே விறகு.

வீட்டின் பெயர் கெர். மரச்சட்டங்களைப் பின்னி வட்டமாக நிறுத்தி, ஆட்டு உரோமத்தை அடித்துச் செய்த தடித்த கம்பளியால் மூடுவார்கள். வாசல் தெற்குப் பக்கம். நடுவில் அடுப்பு, அதற்கு நேர் மேலே புகை போகத் துவாரம். வாசலுக்கு எதிரே உள்ள வடக்குப் பக்கம் பெரியவர்களுக்கும் மதிப்புக்குரிய விருந்தாளிக்கும் உரியது. புல் முடிந்தால் வீட்டைக் கழற்றி ஏற்றிக்கொண்டு அடுத்த மேய்ச்சல் தரைக்குப் போவார்கள்.

விருந்தாளிக்கும் ஒழுங்கு உண்டு. தூரத்திலேயே "நாயைப் பிடியுங்கள்" என்று குரல் கொடுக்க வேண்டும். நாய் இல்லாத வீடென்றாலும் அதுதான் வழக்கம். நாங்கள் வாசலில் நின்று ஸலாம் சொல்லி அனுமதி கேட்பது போலத்தான். வாசற்படியை மிதிக்கக் கூடாது. கோப்பையை வலது கையால் வாங்க வேண்டும். வந்தவர் யார் என்று விசாரிப்பதற்கு முன்பே தேநீர் வந்துவிடும். குளிரில், அடுத்த வீடு பல மைல் தூரத்தில் இருக்கும் நாட்டில், கதவை மூடினால் ஓர் உயிர் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பக்தாத் வீழ்வதற்கு நான்கு வருடங்களுக்கு முன், 1254 இல், வில்லியம் ரூப்ரக் என்ற கிறிஸ்தவத் துறவி அவர்களின் தலைநகர் கரகோரத்துக்குப் போனார். அங்கே இரண்டு பள்ளிவாசல்கள் இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். இது எங்கள் பாடத்தில் இல்லை. பெண்கள் வண்டி ஓட்டுவதையும் பசுக்களில் பால் கறப்பதையும், ஆண்கள் வில் செய்வதையும் குதிரைகளில் பால் கறப்பதையும் அவர் குறித்திருக்கிறார்.

1330களில் எங்கள் இப்னு பதூதாவும் செங்கிஸ்கானின் வழிவந்த உஸ்பெக் கானின் முகாமுக்குப் போனார். உஸ்பெக் கான் ஒரு முஸ்லிம். பெண்களுக்கு அங்கே கிடைத்த மரியாதை இப்னு பதூதாவை வியக்க வைத்தது. காவல் இல்லாமலே கால்நடைகள் மேய்வதையும் கண்டார். களவெடுத்த குதிரையோடு அதைப் போன்ற இன்னும் ஒன்பது குதிரைகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதே இப்னு பதூதாதான் 1344 இல் எங்கள் தீவுக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறினார்.

இதையெல்லாம் வாசிக்கும்போது கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கத்து மாட்டுப் பட்டிகள்தான் எங்களுக்கு ஞாபகம் வந்தன. மொங்கோலியர் குதிரைக்குக் குறி சுட்டார்கள், நாங்கள் மாட்டுக்குக் குறி சுட்டோம். பெரும்போக வேளாண்மை தொடங்கினால் எங்கள் பட்டிக்காரரும் மாடுகளை வயலை விட்டுக் காட்டுப் பக்கம் சாய்த்துக்கொண்டு போவார்கள், அறுவடை முடிந்தால் திரும்புவார்கள். எருமைத் தயிர்ச் சட்டி இன்றும் எங்கள் ஊர்களின் அடையாளம். ஆனால் எந்தக் குறி எந்தக் குடும்பத்துடையது, மாடு காணாமல் போனால் யார் தீர்ப்புச் சொன்னார், பட்டிக்கு வந்தவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டால் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. எழுதியும் வைக்கவில்லை.

மொங்கோலியாவிலும் நிலைமை மாறிவிட்டது. 2009, 2010 கடுங்குளிரில் நாட்டின் கால்நடைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செத்துப்போனது. பட்டி அழிந்த பல குடும்பங்கள் தலைநகர் உலான்பாத்தரின் ஓரத்தில் கெர் போட்டுக் குடியேறின. இன்று மொத்த மக்களில் பாதி அளவினர் அந்த ஒரே நகரத்தில். ஆனாலும் மேய்ச்சல் நிலத்தைத் தனியாருக்குச் சொந்தமாக்க முடியாது என்று அவர்களின் 1992 ஆம் ஆண்டு அரசியலமைப்பு சொல்கிறது. புல் இல்லாவிட்டால் வழக்கமும் இல்லை என்று விளங்கியவர்கள். எங்கள் பக்கம் மேய்ச்சல் தரை வருடா வருடம் சுருங்குவதைப் பட்டிக்காரரிடம் கேட்டால் சொல்வார்.

பக்தாதில் நடந்த கொடுமையை நாங்கள் மறக்கச் சொல்லவில்லை. மறக்கவும் கூடாது. ஆனால் ஒரு சமூகத்தை அதன் யுத்தத்தால் மட்டும் அறிவது அரைப் பாடம். மூதூர் என்றால் வெளியூர்க்காரருக்கு 2006 ஆகஸ்ட் நினைவு வருகிறது. சனம் கையில் கிடைத்ததோடு கந்தளாய்க்கு ஓடியது நினைவு வருகிறது. அது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் இந்த ஊரில் பால் கறந்தார்கள், கல்யாணம் செய்தார்கள், பெருநாளைக்கு வாசலைத் திறந்து வைத்தார்கள். அதை நாங்கள் எழுதாவிட்டால், எங்கள் பேரப்பிள்ளைகளின் பாடத்திலும் யுத்தம் மட்டும்தான் மிஞ்சும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் மாட்டுக்குறி பற்றியும் பட்டி வாழ்க்கை பற்றியும் கேட்டு, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே கீழே எழுதுங்கள். குறியை வரைந்து படமெடுத்துப் போட்டாலும் நல்லது. இன்ஷா அல்லாஹ், எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் சேர்த்து வகுப்புக்குக் கொண்டு போவோம். அன்று கேள்வி கேட்ட பிள்ளையின் கையில்தான் அதை முதலில் கொடுப்போம்.