அம்பாந்தோட்டை: துறைமுகமும் மக்கள் குரலும்

பிரித்தானியர் ஆட்சியில் அம்பாந்தோட்டையின் உப்பு அரசின் ஏகபோகமாயிருந்தது. வாரிய கைகள் கிராமத்தவருடையவை. விலை வகுத்தது கச்சேரி. அந்த முறை மாறியதா?

2010 நவம்பரில் அங்கே புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. முதற்கட்டச் செலவின் பெரும்பகுதி சீனக் கடன். எதிர்பார்த்த கப்பல்கள் வரவில்லை. 2016 டிசெம்பரில், வேலைப் பாதுகாப்புக் கோரித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், கடற்படை வந்தது. 2017 ஜனவரி 7இல், கைத்தொழில் வலயத் தொடக்க விழாவின்போது, காணி பறிபோகும் என அஞ்சிய கிராமத்தவரும் பிக்குகளும் திரண்டனர். 15,000 ஏக்கர் பற்றிய பேச்சு அவர்களைக் கலக்கியிருந்தது. கைகலப்பு மூண்டது, பொலிசார் கண்ணீர்ப்புகை வீசினர். அவ்வாண்டு ஜூலையில், 112 கோடி டொலருக்கு, 99 ஆண்டுக் குத்தகை கைச்சாத்தானது.

இவர்களை வளர்ச்சியின் பகைவர் என்றனர் சிலர். தொழிலாளி கேட்டது வேலை. உழவன் கேட்டது காணி. இவை வளர்ச்சிக்குப் பகையாகுமா? வறண்ட அத்தென்கோடிக்கு ஆலைகள் வேண்டாமென நாமும் கூறோம்.

அந்நியரை மட்டும் ஏசுவது எளிது. ஆனால் மக்களைக் கேளாது கடன் பெற்றோரும், கேளாது குத்தகைக்கு விட்டோரும் நம் ஆட்சியாளரே. அக்குத்தகை முடியுமுன் நம் மாணவரின் பேரப்பிள்ளைகளும் முதுமை எய்தியிருப்பர். அவர்கள் சார்பில் இன்றே கேட்பது நம் கடமை.