பாவையின் காலடி நிலம்

மேசைப்போர் விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுவோர் விதிநூல்களைப் படிக்கின்றனர்; அட்டை ஓவியங்களை ஆராய்கின்றனர். பாவை நிற்கும் பீடத்தைக் குனிந்து பார்ப்போர் அரிது. 2015இல் ஒரு கற்பனையுலகம் முடித்துவைக்கப்பட்டபோது அதன் விளையாட்டாளர்கள் எதை இழந்தனர் என்பதற்கு அப்பீடமே தக்க சான்று என்று கருதுகிறேன்.

இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்தின் 'வார்ஹாமர்' 1983இல் வெளிவந்தது. ஆர்க், எல்ஃப், குள்ளர் முதலிய கற்பனை இனங்களின் படைகளை ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் உயரப் பாவைகளாக வாங்கி, ஒட்டி, வண்ணந்தீட்டி, அளவுகோலும் பகடையும் கொண்டு மோதவிடுவது அதன் முறை. தொடக்கத்தில் பாவையும் அடித்தட்டும் ஒரே உலோக வார்ப்பு. 1980களின் நடுவில் இரண்டும் பிரிந்தன. காலடியில் ஒரு பட்டையோடு பாவை வார்க்கப்பட்டது, நடுவே பிளவுள்ள பிளாஸ்டிக் பீடத்தில் அப்பட்டை செருகப்பட்டது.

காலாட்படைக்குரிய பீடம் சதுரம். பின்னர் நிலைத்த வழக்கில் மனிதருக்கு 20 மில்லிமீட்டர், ஆர்க்குக்கு 25. பீடங்கள் விளிம்போடு விளிம்பு பொருந்தினால்தான் அணி உருவாகும். அணிக்கு முகப்பு உண்டு, பக்கவாட்டு உண்டு, பின்புறம் உண்டு; பக்கவாட்டில் தாக்குண்ட படை எளிதில் நிலைகுலையும். மொழியியல் மாணவருக்கு இது கட்டுருபனை நினைவூட்டும். (ஒப்புமையை இதற்குமேல் இழுக்கப் போவதில்லை.)

1990களில், அந்நிறுவனமே 'கோப்ளின் கிரீன்' என்னும் பெயரில் விற்ற பளிச்சென்ற பச்சையால் பீடத்தின் விளிம்பைத் தீட்டுவது பெருவழக்கு. பச்சை மேசைமேல் பச்சைப் பீடம். பின்னர் பலர் அதைக் கைவிட்டு மண்ணை நாடினர். பசை தடவி, மணல் தூவி, காய்ந்தபின் அடர்பழுப்பு பூசி, ஏறத்தாழ உலர்ந்த தூரிகையில் வெளிர்நிறம் தொட்டு மேடுகளை மட்டும் வருடி, இறுதியில் செயற்கைப் புல்லை ஒட்டுவர். பனியோ பாலையோ இடிபாடோ, நூறு பாவைகளுக்கும் ஒரே நிலம். பழகாத கை தீட்டிய முகங்கொண்ட பாவையும் அந்நிலத்தால் படையுள் சேர்ந்துவிடும். பல படைகளில் முகங்களைவிட நிலமே எனக்கு உவப்பானது.

2014–15இல் 'எண்ட் டைம்ஸ்' கதைத்தொடர் அவ்வுலகை அழித்தது. 2015 ஜூலையில் அதனிடத்தைப் பிடித்த 'ஏஜ் ஆஃப் சிக்மார்' விளையாட்டின் பாவைகள் வட்டப் பீடங்களில் வந்தன. நான்கே பக்க விதிகள்; தொலைவு பாவையிலிருந்தே அளக்கப்பட்டது, பீடம் கணக்கில் இல்லை. ஆகவே பழைய சதுரங்களுக்குத் தடையேதும் இல்லை. ஆயினும் அவை எப்பொருளையும் சுமக்காதவையாயின. தடையைவிட இது கடுமையானது. பின்னர் பீடத்திலிருந்து அளக்கும் விதி வந்தபோது வட்டத்துக்கு மாறுவது பலருக்குக் கட்டாயமாயிற்று.

மாற்றுவது எளிதன்று. கத்தியை நுழைத்து நெம்பினால் மணல் பாளமாகப் பெயரும். மெல்லிய கணுக்கால் ஒடியும். காலணியில் தீட்டிய வண்ணம் உதிரும். ஒட்டிய நிலத்தைத் திரும்பப் பயன்படுத்த இயலாது. அக்காலத்தில் தம் படையை எரித்து அக்காட்சியை இணையத்தில் இட்டவர் பெரிதும் பேசப்பட்டார். இரவுதோறும் அமர்ந்து பீடங்களைப் பெயர்த்தெடுத்தோரைப் பற்றி எவரும் பேசவில்லை.

2024 ஜனவரியில் 'தி ஓல்ட் வோர்ல்ட்' என்ற பெயரில் பழைய உலகம் மீண்டும் வெளியிடப்பட்டது. சதுரமும் மீண்டது, ஆனால் மனிதருக்கு 25, ஆர்க்குக்கு 30 என்ற அளவில். வட்டத்துக்கு மாறியோர் இரண்டாம் முறை பெயர்க்க வேண்டியதாயிற்று. பெயர்க்காமல் காத்திருந்தோர், பழைய பீடங்களை ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியோடு தாங்கும் தட்டுகளில் தம் பாவைகளை நிறுத்துகின்றனர். அத்தட்டுகளின் இடைவெளியிலும் மணல் ஒட்டி, இருபது ஆண்டுகளுக்கு முன் கலந்த அதே பழுப்பை மீண்டும் கலக்க முயல்கின்றனர்.