தொல்காப்பியத்துப் பேரெண்கள்

தாமரை, வெள்ளம், ஆம்பல் என்பன வரையறையுடைய எண்களோ, அளவின்மை குறிக்கும் வழக்கோ என்பது ஆராயத்தக்கது. புள்ளிமயங்கியலில் தொல்காப்பியர் ஐ, அம், பல் என்னும் இறுதியுடைய எண்ணுப்பெயர்களுக்கு விதி வகுக்கின்றார்; அவ்விதிக்கு உரையாசிரியர் காட்டும் சொற்களே இம்மூன்றும். ஏழ் என்னும் எண் இவற்றொடு புணருமாற்றினை அது கூறுகின்றது. ஒரு வெள்ளம் உண்டெனின் இரு வெள்ளமும் உண்டு. ஒன்பது வெள்ளமும் உண்டு. அளவிறந்ததனை ஒன்பதாற் பெருக்குவார் யார்? ஆகவே இவை நூறு, ஆயிரம் போன்ற எண்ணலகுகளே என யாம் கொள்கின்றோம்.

பரிபாடலின் இரண்டாம் பாடல் ஊழிக்காலத்தை அளக்குமிடத்து நெய்தல், குவளை, சங்கம் ஆகியவற்றையும் உடன் கூறுகின்றது. ஆண்டுத் தாமரை இல்லை; வடசொல்லாகிய கமலமே நிற்கின்றது. எனினும், வெள்ளம் எத்தனை கோடி என்பதனை இவ்விரு நூலும் கூறவில்லை. பின்வந்தோர் தரும் மதிப்பினைத் தொல்காப்பியர்மேல் ஏற்றுதல் பொருந்தாது.